கூடத்துக்கு வந்தவர்

"உள்ளே இருக்கிறது எங்க அப்பா. அவரைப் பானையில போட்டு எடுத்துட்டுப் போகணுமா?" என்று கத்தினாள் ஞானவதி.

மண்பானையும் வெள்ளைத் துணியுமாக வாசலில் நின்றிருந்தார் ரன்பண்டா. வீட்டுக்குள் நாகம் வந்தால் அடிக்காமல், நோகாமல் பிடித்துப் பானையில் இட்டுக் காட்டில் விட்டு வருவார். காசு வாங்க மாட்டார். ஒரு வாய் வெற்றிலை போதும்.

அவரை வரவழைத்தவள் இனோகா. அந்த வீட்டு மருமகள்.

மாமனார் போய் மூன்று மாதம். முந்தாநாள்தான் பிக்குமாரை அழைத்து மூன்றாம் மாத தானம் கொடுத்தார்கள். நேற்றுக் காலை பார்த்தால், கூடத்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் நாகம்.

வீட்டின் மேல் பற்று விடாமல் போனவர் நாகமாகப் பிறந்துதானே திரும்பி வருவார்? அப்பாதான் என்று ஞானவதி ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டாள். குருநாகலையில் வாழ்க்கைப்பட்டவள், தானத்துக்காக வந்திருந்தாள். தம்பி திலகசிறி அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். விளக்கு ஏற்றினார்கள். பூ வைத்தார்கள். கிண்ணத்தில் பால் வைத்தார்கள்.

இனோகாவுக்குப் பக்தி வரவில்லை, பயம்தான் வந்தது. குழந்தை செனுரிக்கு ஒன்பது மாதம், தவழ்கிற வயசு. இன்று காலை அந்தப் பால் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டது. பெட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது இவள் பாய்ந்து தூக்கினாள். உடனே ரன்பண்டாவுக்குப் போன் போட்டாள்.

"பாம்புன்னா எனக்கு உசிரே போயிடுது அக்கா. பிள்ளை வேற..."

"பாம்புன்னு சொல்லாதே நங்கி! பேத்தியைத் தாத்தா கடிப்பாரா? அவளைப் பார்க்கத்தானே வந்திருக்கார்!"

"கடிச்சுட்டா யாரு பதில் சொல்றது?"

"அனே, பேச்சைப் பாரு! உயிரோட இருந்தப்போ அந்த மனுஷனுக்கு ஒரு வாய் கஞ்சி ஆசையா ஊத்தினியோ என்னவோ. செத்தும் நிம்மதியா இருக்க விடமாட்டேங்கிறியே!"

இனோகா புருஷன் திலகசிறியைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ரன்பண்டா வெற்றிலையைக் கடைவாய்க்குத் தள்ளினார். "இதுல சண்டை எதுக்கு? வீட்டுக்காரர் வாயால 'போகட்டும்'னு சொல்லணும். சொல்லாம நான் தொட மாட்டேன். அது முறை இல்ல."

எல்லோரும் திலகசிறியைப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து அவன் பெட்டிக்கு எதிரே கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேலைக்குப் போகவில்லை. சோறு சரியாக இறங்கவில்லை. கண் கலங்கியபடியே இருந்தது.

"அக்கா, அப்பாவுக்கு என் மேல கோபம் இல்லதானே? கோபம் இருந்தா தேடி வருவாரா?"

"உன் மேல என்னடா கோபம்? ராஜா மாதிரியில்ல வெச்சிருந்தே! நான்தான் வர்றப்பெல்லாம் பார்த்தேனே."

"அப்போ இருக்கட்டும் அண்ணே," என்றான் திலகசிறி ரன்பண்டாவிடம். "இது அவர் கட்டின வீடு. இருந்துட்டுப் போகட்டும்."

ரன்பண்டா பானையை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஞானவதி இனோகாவை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தாள்.

இனோகாவின் இடுப்பில் இருந்த செனுரி கீழே இறங்கத் திமிறியது. எத்தனை நாளைக்கு இப்படித் தூக்கியே வைத்திருப்பது? ஒரு நிமிஷம் கண் அயர்ந்தால் போதுமே. 

"ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணே," என்று ரன்பண்டாவை நிறுத்தினாள். புருஷனிடம், "கொஞ்சம் அடுக்களைக்கு வாங்க," என்றாள்.

"என்னது? எனக்குத் தெரியக்கூடாத ரகசியமா?" என்றாள் ஞானவதி.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ரன்பண்டா வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். திலகசிறியின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டிப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றான். குரல் எழும்பவில்லை.

ரன்பண்டா பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். "வாங்க, போகலாம். காட்டுல நல்ல நிழல் இருக்கு," என்று பதமாகப் பேசிக்கொண்டே கோலால் தள்ளிப் பானைக்குள் இறக்கினார். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஞானவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

"என்ன மருந்துடி வெச்சே என் தம்பிக்கு? பெத்த அப்பாவை வீட்டை விட்டே துரத்த வெச்சுட்டியே! உனக்கு ஈரமே இல்லையா?"

இனோகா செனுரியை இறக்கி விட்டாள். அது கூடம் முழுக்கத் தவழ்ந்து விளையாடியது. திலகசிறி பெண்டாட்டியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அடுக்களையில், அக்கா காதில் விழாமல், இனோகா அவனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அது மாமா இல்லீங்க. மாமா கூடத்துக்கு வரவே மாட்டார். அக்கா வர்ற நாள் தவிர, மூணு வருஷமா நீங்க அவரைப் பின்னால தேங்காய்க் கொட்டகையிலதானே படுக்க வெச்சிருந்தீங்க? மழைக்குக் கூரை ஒழுகுது, உள்ளே வாங்கன்னு நான் கூப்பிட்டப்பக்கூட, 'வேணாம் மகளே, அவன் திட்டுவான்'னு வாசப்படியைத் தாண்டலையே அவர்!"