அம்பு ஒட்டிய பக்கம்

2023 ஜூலை 17, மண்ணரை. தர்க்கவியல் ஆய்வாளர் ஜுவைரியா, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளில் ஒன்றைக் கடைசியாகப் பார்க்க, அதன் சீலிட்ட கவரைப் பிரித்தாள். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர், 'ஆகவே' என்ற சொல்லைக் காட்டியது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மா அமீருன்னிசா, துணியில் ஓட்டை கண்டால் ஒட்டும் அதே அம்பு.

"நீங்க ஒட்டுனீங்களாம்மா?"

"பிரிக்காத கவருக்குள்ள நான் எப்படிக் கண்ணு போவேன்? உன்ற புஸ்தகத்துல ஓட்டை எது, எழுத்து எதுன்னே எனக்குத் தெரியாது."

மற்ற நான்கு பிரதிகளையும் பிரித்தார்கள். அதே சொல், அதே அம்பு. ஏழு வருட நிரூபணம் அந்தச் சொல்லில்தான் நின்றது. ஜுவைரியா திரும்பத் திரும்பப் படித்தாள். ஒருமுறை பிழை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை.

"அம்பைப் பிச்சுட்டுக் குடுத்தரட்டுங்களாம்மா?"

"அம்பு ஒட்டுன பீஸை பேக்கிங்குக்கு அனுப்ப மாட்டோம் கண்ணு."

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. ஐந்து பிரதிகளும் வீட்டில் இருந்தன.