கீழ்ச்சுவர் ஓரத்து நாற்றுகள்

சுவருக்கு மேலாக நீண்ட கையைத் துர்சுன் எட்டிப் பிடித்துவிட்டான்.

"அக்கா! ஓடி வாங்க! திருட்டுப்பய மாட்டிக்கிட்டான்!"

மூன்று வருஷமாக இந்தக் கைக்காகத்தான் காத்திருந்தான்.

முர்வெத் அக்காவின் தோட்டத்தில் ஹத்மிச் செடியை யாரும் விதைப்பதில்லை. ஆள் உயரம் வளரும், செம்பருத்தி மாதிரிப் பூக்கும், விதையைத் தானே கொட்டிக்கொள்ளும். ஏப்ரலில் பார்த்தால் கால் வைக்க இடமிருக்காது. தோட்ட வேலை பார்க்கும் துர்சுன்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெருக்கம் குறைய ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கலைத்துவிடுவான். சாயங்காலம் எழுந்தால் இடுப்பு தன்னுடையதாகவே இருக்காது.

கலைத்ததில் நோஞ்சானையெல்லாம் குப்பையில் போடச் சொல்வாள் அக்கா. கறுஞ்சிவப்புப் பூச்செடியின் அடியில் முளைத்த நல்ல நாற்றுகளை மட்டும் வேர்மண்ணோடு கீழ்ச்சுவர் ஓரம் அடுக்கச் சொல்வாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இந்த ஊரில் பூச்செடியைக் கேட்டு வாங்கி நட்டால் வேர் பிடிக்காது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்பார்கள். ஒன்றிரண்டு காணாமல் போனால் எந்த வீட்டிலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வரிசை வரிசையாகவா? செவ்வாய்ச் சந்தை நாற்று வியாபாரிதான் என்று முடிவு கட்டியிருந்தான் துர்சுன். அதனால்தான் இன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகாமல் அத்திமரத்தின் பின்னால் பதுங்கினான்.

"வாடா மேலே, உன் மூஞ்சியைப் பார்க்கலாம்!" என்று இழுத்தான்.

கையில் கனமே இல்லை. சுருக்கம் விழுந்து, வெங்காய வாசம் அடிக்கிற பொம்பளைக் கை. இவ்வளவு இழுத்தும் நாற்றை விடவில்லை.

சுவருக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தான்.

செஹெர்.

துர்சுன் இழுப்பதை நிறுத்தினான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஊர்வலத்தில் செஹெரின் மகன் குஷியில் வானத்தைப் பார்த்துச் சுட்டான். தோட்டா, மாடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இல்யாஸின் கழுத்தில் இறங்கியது. இல்யாஸ், முர்வெத் அக்காவின் ஒரே பிள்ளை. சுட்டவன் இஸ்மிரில் சிறையில் கிடக்கிறான்.

இனி அந்த வீட்டு முகத்தில் விழிக்க மாட்டேன் என்று மகனின் ஜனாஸாப் பெட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள் அக்கா. ஊர்ப் பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள்: செஹெரின் முகம் அவள் கண்ணில் பட்டால், அன்றைக்கே செஹெர் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம். அக்கா வந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. அத்திமரம் மறைத்ததால் இன்னும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கையை விட்டுவிட வேண்டும் என்று துர்சுனுக்குத் தெரிந்தது. விரல்கள்தான் கேட்கவில்லை, மரத்துப்போய்க் கிடந்தன. செஹெர் தலைத்துணியைப் பல்லால் கடித்து இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்கா நாலு எட்டுக்கு அப்பால் நின்றாள்.

சுவர் மேலிருந்த கையைப் பார்த்தாள். ரொம்ப நாள் பழகிய ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்படியே திரும்பி முதுகைக் காட்டினாள்.

"விடுடா, கூறுகெட்டவனே! பூனையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டுறான் பாரு!" ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

மாடியில் ஒருத்தி சிரித்தாள். "திருட்டுப்பயலுக்கு மீசை இருந்துச்சா துர்சுன்?"

ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

அப்போதுதான் விரல்கள் விட்டன. கை நாற்றோடு அந்தப்புறம் இறங்கிப் போனது.

துர்சுன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா... அது யாருன்னு..."

"மிச்சமும் அங்கதானே இருக்கு. எடுக்கட்டும். நீயும் இந்தப் பக்கம் திரும்பி நில்லு."

திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் வேர்மண் உதிரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

அக்கா குனிந்து, பிடுங்க வேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"இல்யாஸ் கல்லறைத் தலைமாட்டுல போன வருஷம் பதினோரு ஹத்மி பூத்துச்சுடா. நான் ஒண்ணுகூட நடல."