சுழலாத குமிழ்

துறைமுகக் கிரேன்களின் நிழல், துறைமுகத்துக்காக இடித்த கரையோர வீடுகள்மேல் நீண்டு கிடக்கிறது. கடைசி வீட்டின் தகரக் கூரையை இடிக்கும் இயந்திரம் இப்போதுதான் பிய்த்துப் போட்டிருக்கிறது. துருத்தூசி வெயிலில் மிதந்து தண்ணீரில் இறங்குகிறது. அடுத்த படத்துக்காக லீவரைத் தள்ளும் புகைப்படக்காரரின் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. பிலிம் நகர்ந்தால் கூடவே சுழலவேண்டிய கேமராக் குமிழ் அசையவில்லை. உள்ளே பிலிம் பற்சக்கரத்தில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து எடுத்ததில் ஒன்றுகூடப் பதியவில்லை. பாத்திர மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டுக்காரி கேட்கிறாள்: "அண்ணே, நாங்க வாசல்ல நின்னது நல்லா விழுந்துச்சா?" அவர் குமிழை விரலால் மூடிக்கொள்கிறார். "விழுந்துச்சும்மா." அவள் கணவன் பக்கம் திரும்புகிறாள். "பாத்தீங்களா? சிரிக்கவே மாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நின்னீங்களே, கடைசில சிரிச்சிட்டீங்கல்ல." இடிந்த சுவரைப் பார்த்தபடி அவன், படத்துக்குச் சிரித்த அதே சிரிப்பை மறுபடி சிரிக்கிறான்.