இரண்டு முடிச்சுக் கல்யாணம்

"மூணு முடிச்சுய்யா! முன்வரிசையில உக்காந்து எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கங்கம்மாள் விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். பல் விளக்கக்கூட விடாமல் வந்து நின்றவளை நாடகக் கம்பெனி முதலாளி காசிநாதன் மலங்க மலங்கப் பார்த்தார். ஆம்பூரில், மஹபூப் பாஷாவின் தோல் மண்டிக்குப் பின்னால் கொட்டகை போட்டு அன்றோடு பன்னிரண்டு நாள். தோல் நாற்றம் பழகிவிட்டது. இது புதுசு.

"எந்த மூணு முடிச்சும்மா?"

"நேத்து கல்யாண சீன்ல உங்க ராஜபார்ட்டு தணிகைவேலு எங்க அக்கா மக சந்திரா கழுத்துல போட்டது!"

காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆண்களே பெண் வேஷம் கட்டிய வரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அப்போது எவன் எத்தனை முடிச்சு போட்டால் யாருக்கென்ன? நிஜப் பெண்களை நடிக்க அழைத்து வந்த பிறகுதான் கம்பெனியில் சட்டம் போட்டார். மேடைத் தாலிக்கு இரண்டே முடிச்சு. மூன்றாவது விழுந்தால் அது கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றைக்கே கம்பெனியை விட்டு வெளியே போகவேண்டும்.

ஜோடியை வெளியே அனுப்பிவிட்டு இன்றைக்கு யாரை வைத்து நாடகம் போடுவது?

"சந்திரா, நீ சொல்லும்மா. ரெண்டா, மூணா?"

சந்திரா திருதிருவென்று விழித்தாள். "தெரியாதுங்க."

"உன் கழுத்துல போட்டது உனக்குத் தெரியாதா?"

"கவனிக்கலீங்க."

"தாலி எங்கடி?" என்று சீறினாள் கங்கம்மாள்.

"சாமான் பெட்டியில போட்டுட்டேன் சின்னம்மா."

"அவுத்தே போட்டுட்டியா! அடிப்பாவி!" கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காசிநாதன் சம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். பதினைந்து வருஷம் ஸ்திரீபார்ட் போட்டவர் சம்பந்தம். பெண்கள் வந்ததும் கதாநாயகி வேஷம் போய்த் தோழி வேஷம் மிஞ்சியது. இப்போது அதற்கும் ஒரு பெண் வருகிறாள் என்பதால், நேற்றைய நாடகத்தோடு அவருக்கு விடை கொடுத்தாகிவிட்டது. திருப்பத்தூர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தம், நீ தோழியா பக்கத்துல நின்னியே. நீயாவது சொல்லு."

"பக்கத்துல நிக்கலீங்க."

"பின்னே எங்க போன?"

"மேடையிலதான் இருந்தேன்."

"இன்னாய்யா இது பேஜாரு! மேடையில இருந்தியாம், பக்கத்துல இல்லியாம்!" காசிநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூப்புடுங்கய்யா அந்தத் தணிகைவேலை!"

குளித்த ஈரத்தலையோடு தணிகைவேல் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"ரெண்டுதாங்க" என்றான். பிறகு கங்கம்மாளைப் பார்த்தான். சந்திராவைப் பார்த்தான். தலை குனிந்தான். "மூணுதாங்க. தெரிஞ்சேதான் போட்டேன்."

குனிந்த தலை நிமிராமலே தொடர்ந்தான்.

"ஆறு மாசமா மனசுல இருக்குதுங்க. நேருக்கு நேர் கேக்க தைரியம் வரல. மூணாவது முடிச்சு போடறப்ப, 'இது நாடகம் இல்ல, நிஜம்'னு காதுல சொன்னேன். அவ கண்ணுல தண்ணி மளமளன்னு கொட்டிச்சு. அது நடிப்பு இல்லீங்க. சின்ன வயசுலேர்ந்து மேடையில நிக்கறேன், நிஜக் கண்ணீர் எனக்குத் தெரியாதா? என்னை வேணா அனுப்பிடுங்க. டாக்கிப் படம் எடுக்கறவங்க கூப்புட்டுட்டே இருக்காங்க, எப்படியாவது பொழைச்சுக்குவேன். அவளை மட்டும் அனுப்பாதீங்க."

சந்திராவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "என் காதுல சொன்னீங்களா? எப்போ?"

"எப்போவா!" என்றான் தணிகைவேல், பாவம், அவனும் குழம்பிப்போய்.

ஆனால் கங்கம்மாளின் கோபம் இறங்கிவிட்டது. பையன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது. "நாலு பேர் எதிர்ல சொல்றான். நல்ல பையன்தான்" என்று முணுமுணுத்தாள்.

காசிநாதனுக்கும் மனசு இளகியது. கண்கூட லேசாகக் கலங்கியது. "சரி, நான் போட்ட சட்டம், நானே எடுத்துடறேன். ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. அந்தத் தாலியை எடுத்தாங்க. பாலாத்தங்கரைக் கோயில்ல முறையா போட்டுக்கட்டும்."

சாமான் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கிரீடம் இருந்தது, ஒட்டுமீசை இருந்தது, துரியோதனன் கதாயுதம் இருந்தது. தாலியைக் காணோம்.

"பெட்டியில போட்டேன்னியே?"

சந்திரா அழ ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணை விடுங்க" என்றார் சம்பந்தம். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது.

"நேத்து அதுக்கு நிக்க முடியாத ஜொரம். சீனை விட்டா வேலை போயிடும்னு பயந்துது. நான்தான் முக்காடு போட்டுக்கிட்டுப் போயி உக்காந்தேன். முடிச்சு மூணும் இறுகிடுச்சு, அவுக்க வரல. அறுக்கவும் மனசு வரல."

தணிகைவேல் தொப்பென்று பெட்டிமேல் உட்கார்ந்தான். "அப்ப அந்தக் கண்ணீரு?"

"அது நிஜந்தான் தம்பி. பதினஞ்சு வருஷமா பொம்பளையா நின்னவனுக்கு அதுதான் கடைசிக் கல்யாணம். அந்த நேரம் பாத்து நீ வேற காதுகிட்ட வந்து, 'இது நாடகம் இல்ல'ன்னுட்ட."