எட்டு மணிச் சங்கு

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு ஜஹனாரா கொண்டுவந்த டப்பாவில் இரண்டு மாத்திரைகள் மீதியிருந்தன. முப்பது நாளைக்கு அறுபது. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. இன்றைக்கு உரியவை மட்டும்தான் பாக்கி. ஆலோசகர் ஸிந்துஜா அவற்றை மேசைமேல் வைத்து எண்ணிக் குறித்துக்கொண்டாள்.

“வூட்ல கடிகாரம் இருக்குதாம்மா?”

“எனக்கு மணி பாக்கத் தெரியாது மேடம். வூட்ல பட்டு நூல் இழைச்சுக்கினு இருப்பேன். மில்லு சங்கு ஊதுனதும் போட்டுப்பேன்.”

ஸிந்துஜாவின் வீடும் ஜஹனாரா இருக்கும் அதே பேட்டையில்தான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்த மில்ல இடிச்சு ஏழு வருஷம் ஆவுது. கல்யாண மண்டபமே கட்டிட்டாங்க.”

“வெளையாடாதீங்க மேடம். ரெண்டு வேளையும் கேக்குது.”

“உங்களுக்குப் பாம்புக் காதுதான் போங்க. நேரம் தப்பிக்கினே இருந்தா மாத்திரை வேலை செய்யாம போயிடும்மா. இத வுட்டா வேற மாத்திரை இங்க இல்ல. தெரியும்ல?”

“தெரியும். எம் பொண்ணு ஆஷிஃபா இப்பதான் நாலாவது படிக்கிறா.”

சொல்லிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மேசையிலிருந்த ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஸிந்துஜாவுக்கு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக எட்டு.

வெளியே, தொலைவில் உள்ள மாகறல் கிராமத்திலிருந்து வந்திருந்த பெரியவர், “ஊதிட்டான்பா” என்றார். பெஞ்சில் இருந்த பதினொரு பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், பைக்குள் கையை விட்டார்கள்.