வாலைத் தூக்கிப் பிடித்த மாப்பிள்ளை

"வாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேல! பயப்படாதீங்க, கடிக்காது."

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பேசும் முதல் வசனம் இதுவாக இருக்கும் என்று சித்தார்த் கனவிலும் நினைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து புதுச் சட்டையும், காவிரிப் பாலத்தில் எதிரே வந்தவர்களெல்லாம் தும்முகிற அளவுக்கு சென்ட்டுமாகக் கிளம்பியவன் அவன். "கே.கே. நகர் காபி ஷாப்ல சந்திப்போம். சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு வேண்டாம்னாலும் சரி" என்றிருந்தாள் கால்நடை டாக்டரான யமுனா. போட்டோவிலேயே அவளைப் பிடித்துப்போயிருந்த சித்தார்த்துக்கு அது என்ன விஷயமோ என்று தூக்கமே போயிற்று. காலையில் திடீரென்று போன்: "கம்பவுண்டர் லீவு. கிளினிக்குக்கே வந்துடுங்க."

வந்தால், மேசையில் நேற்றுப் பிறந்த கிடாரிக் கன்று. வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. வாலுக்குக் கீழே திறப்பே இல்லை, வெறும் தோல்தான். அதை மடியில் போட்டுக்கொண்டு வையம்பட்டியிலிருந்து லோடு ஆட்டோவில் வந்திருந்த செல்லக்கிளி, முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பொழைக்குமாம்மா? தூக்கிப் போடுன்னு ஊரே சொல்லுது. இப்படிப் பொறந்தது உருப்படாதாம்."

"உருப்படும்" என்றாள் யமுனா, கொஞ்சம் அழுத்தமாகவே. மரத்துப்போக ஊசி போட்டாள்.

செல்லக்கிளி சித்தார்த்தை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி புது கம்பவுண்டருங்களா?"

"வேலை இன்னும் உறுதியாகலைங்க."

யமுனா மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"குடல் உள்ளேயே முட்டிக்கிட்டு நிக்குது" என்றாள், தோலைக் கீறியபடி. "அதை வெளியே இழுத்து, தோலோட சேர்த்துத் தைச்சு, வழி விடணும். கண்ணை மூடாதீங்க!"

"மூடலைங்க டாக்டர். சிமிட்டினேன்."

"இவ்ளோ நேரமாவா?"

தையல் முடிந்தது. குடல் முனையில் கத்தி நுனியை வைத்தாள். அடுத்த நொடி, முக்கொம்பு அணை ஷட்டர்களையெல்லாம் ஒரேயடியாகத் தூக்கிவிட்ட மாதிரி ஒரு பாய்ச்சல்! சட்டை, பேன்ட், மூக்கு, எதுவும் தப்பவில்லை. அந்த வாசனைக்கு மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் மூக்கைப் பொத்தியிருப்பார், அவருக்குப் பொத்த வேண்டியதும் அதிகம்.

"போயிடுச்சு! என் தங்கம் போயிடுச்சு!" செல்லக்கிளி குதித்த குதியில் மருந்து அலமாரி ஆடியது. அழுகையும் சிரிப்புமாகக் கன்றை வாரிக்கொண்டு, புட்டிப்பால் புகட்ட வெளியே ஓடினாள்.

சித்தார்த் அப்போதும் கையை மேலே தூக்கியபடியே நின்றான், வால் போனது தெரியாமல்.

"சட்டை வீணாப் போச்சே" என்றாள் யமுனா.

"சட்டை கெடக்குது விடுங்க. அந்த விஷயத்தைச் சொல்லுங்க. மனசு திக்குதிக்குங்குது."

யமுனா கையுறையைக் கழற்றினாள். சிரிப்பு போயிருந்தது.

"கம்பவுண்டருக்கு லீவெல்லாம் இல்லீங்க. அந்தம்மா போன்ல கன்னைப் பத்திச் சொன்னதுமே அவரை அனுப்பிட்டு உங்களை வரச் சொன்னேன். வெறும் வாயால சொன்னா பயந்துடுவீங்க, கண்ணால பார்த்தா புரியும்னுதான்." மாஸ்க்கையும் கழற்றினாள். "நானும் இந்தக் கன்னு மாதிரித்தான் பொறந்தேன்."

சித்தார்த் மெல்லக் கையை இறக்கினான்.

"உங்களைத் தைச்ச டாக்டரோட அட்ரஸ் குடுங்க. பெருமாளுக்கு வெச்சதும் அடுத்த பத்திரிகை அவருக்குத்தான்."