கேஸ் ஷீட்டில் ஒரு வரி

"அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிருங்கம்மா. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

தென்காசியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டர் முன்னால் பொன்செல்வி நிஜமாகவே குனிந்துவிட்டாள்.

உள்ளே இருந்த நிர்மலாதேவி கம்ப்யூட்டரை விட்டு நிமிரவில்லை. "டாக்டர் எழுதினத நான் அழிக்கக் கூடாது. அங்கன போயி உக்காருங்க."

கேஸ் ஷீட்டில் இருந்த அந்த வரி: 'நோயாளியிடம் மது வாடை.'

நோயாளி, பொன்செல்வியின் புருஷன் முத்துச்செல்வம். புளியங்குடியில் எலுமிச்சை லாரி ஓட்டுகிறவன். காலையில் மச்சான் நம்பிராஜனோடு, அதாவது பொன்செல்வியின் அண்ணனோடு, ஐந்தருவிக்குக் குளிக்கப் போனான். குளிக்கும் முன்பே பாறையில் விழுந்து, மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒழுகுகிற ரத்தக் குழாயைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்துவிடலாம் என்று டாக்டர் உள்ளே கொண்டுபோய்விட்டார். செலவு இரண்டரை லட்சம். லாரி கம்பெனி போட்டுக்கொடுத்த இன்சூரன்ஸ்தான் ஒரே வழி.

"ரத்தக் குழாய அடைக்கதுக்கு ஒரு கோட் நம்பர் இருக்கு. மண்ணீரல் கிழிஞ்சதுக்கு ஒண்ணு. எப்படி அடிபட்டுச்சுங்கதுக்கு ஒண்ணு. குடிச்சிருந்தா அதுக்கும் ஒண்ணு இருக்கு. அதப் போட்டு அனுப்பினா ஒரு பைசா வராது" என்றாள் நிர்மலாதேவி.

"அதனாலதான அழிக்கச் சொல்லுதேன்!"

நிர்மலாதேவி நம்பிராஜனைப் பார்த்தாள். அவன் தூணோரம் தள்ளியே நின்றான்.

"கூடப் போனது நீங்கதான? எப்படி விழுந்தாரு?"

"எப்படி விழுவான்? ஊத்திக்கிட்டுப் பாறையில ஏறினா வழுக்கத்தான செய்யும். நானும் எவ்வளவோ சொன்னேன்."

பொன்செல்வி அவன் பக்கம் திரும்பினாள். "எம்மவ தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணினாகளே அண்ணே! மூணு வருசமாத் தொடலயே!"

"நீ ஒரு கோட்டிக்காரி. அதயும் நம்பிக்கிட்டு இருந்திருக்க பாரு."

ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோகும்போது முத்துச்செல்வம் கண்ணைத் திறந்து, "மச்சானுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டிருந்தான்.

"பாத்தியா, போதையில ஒளறுதான்" என்று அப்போதே சொல்லியிருந்தான் நம்பிராஜன்.

பொன்செல்வி புருஷனுக்குப் பதில்கூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது நிர்மலாதேவி போனை எடுத்தாள். "சார், வாடைன்னு எழுதியிருக்கீங்களே. வாயிலயா, சட்டையிலயா? பிரிச்சுப் பாக்கலயா? அப்ப வந்தவுடனே எடுத்த ரத்தம் இருக்கும்லா, அதுலயே குடிச்சிருக்காரான்னு ஒரு டெஸ்ட் போட்டுருங்க சார்."

பொன்செல்வி பதறிப்போனாள். "ஐயோ, டெஸ்ட் எதுக்கும்மா? வாடைன்னா ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். டெஸ்ட்டுல தெரிஞ்சா ஒரேயடியா முடிஞ்சுபோகுமே!"

"போட்டுத்தான் ஆகணும்."

"நல்லாயிருப்பீகளா நீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "ஒரு பொம்பளைக்குப் பொம்பள இரக்கம் இல்லாமப் போச்சு பாரு."

நிர்மலாதேவி காதில் விழாத மாதிரி டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரத்த வங்கியிலிருந்து நர்ஸ் ஹஸீபா வந்தாள். "முத்துச்செல்வம் ஆளுங்க யாரு? ரெண்டு பாட்டில் ஏத்தியாச்சு. பதிலுக்கு யாராவது ரத்தம் குடுக்கணும். எந்த குரூப்னாலும் பரவாயில்ல."

"அண்ணே, நீ போ."

"எனக்கு சுகர் இருக்குட்டி."

"எப்ப வந்துச்சு? போன வாரம் எங்க வீட்டுல மூணு டம்ளர் பாயசம் குடிச்சியே!"

இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நம்பிராஜன் வேறு வழியில்லாமல் ஹஸீபா பின்னால் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் நிர்மலாதேவி எழுந்து வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். பொன்செல்வியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ரத்தக் குழாய அடைச்சாச்சாம். ஒழுகல் நின்னுட்டு. ஒங்க வீட்டுக்காரர் பொழைச்சுக்கிட்டாரு."

பொன்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இன்னொண்ணு. அவர் ரத்தத்துல சாராயம் ஒரு சொட்டுக்கூட இல்ல. டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட வச்சு அனுப்பிட்டேன். இனி அந்தக் கோட் நம்பருக்கு வேலையே இல்ல. அந்த வரிய மட்டும் அழிச்சிருந்தேன்னா, திருத்தினது தெரிஞ்சு இன்சூரன்ஸ்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்பான். ஒங்க வீட்டுக்காரருக்கும் காலத்துக்கும் குடிகாரன்னு பேரு நின்னிருக்கும்."

பொன்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்..."

"பரவாயில்ல. தெனமும் கேக்கதுதான்."

"ஆனா வாடை வந்துச்சேம்மா. எனக்கே வந்துச்சே. அப்ப அது எங்க இருந்து..."

ஹஸீபா திரும்பி வந்துவிட்டாள். பின்னால் நம்பிராஜன்.

"இவர்ட்ட ரத்தம் எடுக்க முடியாது. வேற ஆளப் பாருங்க. நல்லாக் குடிச்சிருக்காரு. பாக்கு மென்னுட்டு வந்தா எனக்குத் தெரியாதா?"

பொன்செல்வி எழுந்து அண்ணன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

நம்பிராஜன் தரையைப் பார்த்தான்.

"பாட்டிலோட வழுக்கினது நான்தான். பிடிக்க வந்தான். அவன் மேல போயி நான் விழுந்ததாலதான் எனக்கு ஒரு கீறல்கூட இல்லட்டி."